சாமியறைக்குள் யார் போகலாம்

1

அன்று வீட்டில் இருந்தவர்கள்:

கலாவதி. ஐம்பத்தெட்டு வயது. அந்த வீட்டில் எது கூடும், எது கூடாது என்று தீர்மானிப்பவள்.

தியாகராஜா. அவளுடைய கணவர். பஸ் ஓட்டுநர். மகளின் கலியாணத்துக்காக இரண்டு கிழமை லீவில் நின்றார்.

தக்ஷிகா. மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். ஞாயிற்றுக்கிழமை மணப்பெண்.

செபமாலைமுத்து. மேலே சின்ன அறையில் வாடகைக்கு இருப்பவர். மன்னார்க்காரர், வேதக்காரர். (கிறிஸ்தவர் என்று எழுதினால் அந்த வீட்டில் இருப்பவர்களுக்கே அது யாரோ வேறு ஆள் போலிருக்கும்.)

முருகன், வள்ளி, தெய்வானை, பிள்ளையார், லட்சுமி, இரண்டு சிவன். எல்லோரும் மாடிப்படிக்குக் கீழே.

இன்னொரு பெயரையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சிவபாதம். அவர் கனடாவில் இருந்தார், அன்று விடியற்காலை வரை.

இந்தக் கதை என்னுடையது இல்லை. பார்சல் பிரிக்கும் களஞ்சியம் ஒன்றில் நான் இரவு ஷிப்ட் செய்த காலத்தில் செபமாலைமுத்து இதைச் சொன்னார். பிறகு நான் வேலையை விட்டுவிட்டேன், அவர் விடவில்லை. அவர் சொன்னது ஒரு தேத்தண்ணி இடைவேளைக்குள் முடிந்த கதை. அதில் கலாவதி பொல்லாத மனுசி. அவ்வளவு சுலபமாக ஒரு மனுசி பொல்லாதவள் ஆக முடியாது என்று எனக்குப் பட்டது. ஆகவே இதை அவளுக்குப் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். அவள் வாயால் வந்தவை பெரும்பாலும் உண்மை. அவள் மனதுக்குள் ஓடியவை நான் போட்டவை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"தோர்ண்டன் ஹீத்தின் மேல் கருமேகங்கள் திரண்டு—"

லண்டனில் மேகம் திரள்வதைச் செய்தியாக எழுதுகிறவனை யாரும் மேற்கொண்டு வாசிக்கமாட்டார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

"காற்றில் ஏதோ ஒரு அபசகுனம்—"

ஏதோ என்று எழுதுகிறவனுக்கு என்னவென்று தெரியாது என்று அர்த்தம். எனக்குத் தெரியும். காலை பதினொன்றே காலுக்கு வந்த டெலிபோன்தான்.

கலாவதி குசினியில் பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மா. போனை முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். கனடாவிலிருந்து கோசிகா. சிவபாதத்தின் மருமகள்.

"சின்ன மாமி, மாமா விடிய மூண்டு மணிக்குக் காலமாகிப் போட்டார்."

கலாவதி முதலில் "ஐயோ" என்றாள். அதை அவள் மனதாரத்தான் சொன்னாள் என்று எழுதிவைக்கிறேன். இரண்டாவதாக, "இப்ப ஆராருக்குச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். மூன்றாவதாக, "சின்ன மாமாவுக்கு ஒருத்தரும் போன் எடுக்காதேங்கோ பிள்ளை. அவருக்குப் பிறஷர். நான் ஆறுதலாச் சொல்லுறன்" என்றாள்.

சிவபாதம் தியாகராஜாவின் பெரியப்பா மகன். தகப்பன் வழிச் சொந்தம். அந்த வழியில் ஒருவர் இறந்தால் குடும்பம் முழுவதற்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. துடக்கு வீட்டில் நல்ல காரியம் செய்யக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது, வீட்டுச் சாமியறைக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. தக்ஷிகாவின் கலியாணம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போனது. அப்போது மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு. இப்போது பெண் வீட்டிலும் ஒன்று என்றால் மாப்பிள்ளையின் தாய் பாமா என்ன சொல்வாள் என்பது கலாவதிக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும்: "கடவுளே வேண்டாமெண்டு ரெண்டுதரம் சொல்லிப்போட்டார், நாங்கள் என்ன செய்யிறது?" பாமாவுக்கு முதலிலிருந்தே இந்தச் சம்பந்தத்தில் அரை மனது. மற்ற அரையும் போய்விடும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்கிவிட்டால் அதன்பிறகு கேள்விப்படும் சாவு அந்தக் கலியாணத்தைத் தொடாது. இது கலாவதியின் தாய் சொன்ன சட்டம். வேறு வீடுகளில் வேறு சட்டம் இருக்கலாம். ஆக, ஒரே ஒரு இரவு. இருபத்திரண்டு மணித்தியாலம் தியாகராஜாவின் காதில் இது விழாமல் இருந்தால் போதும்.

[முதல் படியில் சிவபாதத்தைத் தியாகராஜாவின் எதிரியாக எழுதியிருந்தேன். ஒரு வேலித் தகராறு, பதினாலு வருடப் பேச்சுவார்த்தை இல்லாமை. அப்படி எழுதினால் கலாவதியை நீங்கள் உடனே மன்னித்துவிடுவீர்கள். அது மலிவான வேலை. உண்மையில் சிவபாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் எடுப்பார். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். முதல் சைக்கிளை இருவரும் சேர்ந்து களவெடுத்தவர்கள். இதைத் தெரிந்துகொண்டு மேலே வாசியுங்கள்.]

போனை வைத்துத் திரும்பினால் குசினி வாசலில் செபமாலைமுத்து, வெறும் கோப்பையோடு. தேத்தண்ணி போட வந்தவர்.

"கேட்டிட்டீரோ?"

"ஸ்பீக்கரில எல்லோ அக்கா போட்டனீங்கள்."

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு மடு மாதாவில சத்தியம் பண்ணும்."

"சத்தியம் பண்ணப்படாதெண்டு வேதத்தில இருக்கக்கா."

"உங்கட வேதம் உதுக்கு மட்டும் உதவும்."

"நானாப் போய்ச் சொல்லமாட்டன். அது நிச்சயம். ஆனா அண்ணை நேர கேட்டா, பொய் சொல்ல என்னால ஏலாது."

"அவர் ஏன் உம்மட்டைக் கேக்கப்போறார்?"

"அதுதானே" என்று சொல்லிவிட்டு அவர் கேத்திலில் தண்ணீர் பிடித்தார்.

3

மாலை நாலு மணி வரை எல்லாம் கலாவதியின் பக்கம் நின்றது. தியாகராஜா காலையில், அந்த டெலிபோன் வரமுன்பே, ஸ்ட்ரெதமில் மண்டபக்காரனைப் பார்க்கப் போனபோது அவருடைய போன் மேலே சார்ஜில் கிடந்தது. அதைச் சார்ஜில் போட்டவளும் கலாவதிதான், ஞாபகப்படுத்தாமல் விட்டவளும் அவள்தான். தக்ஷிகா பியூட்டி பாலருக்குப் போயிருந்தாள். குடும்ப வாட்ஸப் குழுவை அவள் மூன்று வருடமாகச் சத்தம் போடாமல் நிறுத்தி வைத்திருந்தாள். நூற்றுப் பத்துப் பேர் ஒவ்வொரு காலையும் பூப்படம் அனுப்பும் குழுவை வேறு என்ன செய்வது?

நாலு மணிக்கு இருவரும் வீடு வந்தார்கள். கூடவே இடியும் வந்தது.

தியாகராஜா சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்டார். "என்ர போன் எங்கை? காலமை முழுக்கக் கை உடைஞ்சது மாதிரி."

அந்த நேரத்தில் வெளியே ஒரு மின்னல். கலாவதிக்கு அதைப் பார்த்ததும் அறிவு திறந்தது.

"இடி மின்னலுக்கை ஒருத்தரும் போன் தொடக்கூடாது. எல்லாரும் இஞ்சை கொண்டுவாங்கோ."

ஊரில் இடி இடித்தால் வானொலியின் வயரைக் கழற்றிவிடுவார்கள். அந்தப் பழக்கம் லண்டன் வந்த பிறகும் போகவில்லை. டிவி, வைபை, நுண்ணலை அடுப்பு எல்லாவற்றையும் கலாவதி வழக்கமாகவே பிடுங்கிவிடுவாள். ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை. சலித்துக்கொள்ள மட்டும் செய்தார்கள்.

"அம்மா, இது மொபைல். வயரே இல்லை."

"மின்னலுக்கு மட்டும் வயர் இருக்கோ?"

தக்ஷிகா போனை நீட்டினாள். பௌதிகத்தில் அவள் ஏ எடுத்தவள்.

நாலு போனும் ஊசி நூல் வைக்கும் பிஸ்கற் தகரப் பேணிக்குள் போயின. செபமாலைமுத்துவின் போனும்தான். "எனக்கும் மின்னல் அடிக்குமோ அக்கா?" என்று கேட்டார். "உமக்குத்தான் முதல் அடிக்கும்" என்றாள்.

பேணியை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் இருந்தாள். ஒவ்வொரு இடிக்கும் மற்றவர்கள் திடுக்கிட்டார்கள். அவள் மட்டும் அடுத்ததற்குக் காத்திருந்தாள். முருகா, விடியும்வரை இடிக்கட்டும்.*

* இந்தப் பிரார்த்தனை நான் போட்டது. ஆனால் பேணியை மடியில் வைத்திருந்தது உண்மை.

4

ஐந்தரைக்குப் பேணி கத்தியது.

நாலு போனும் ஒரே நேரத்தில். தகரப் பேணி என்பதால் சத்தம் இரண்டு மடங்கு. அரசாங்கத்தின் அவசர எச்சரிக்கை எந்தப் போனையும் கேட்காமல் கத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். கலாவதிக்குத் தெரியாது. சிவபாதம்தான் மேலிருந்து கூப்பிடுகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள்.

தியாகராஜா மேசைக்குக் கீழே கிடந்தார். எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. இருபத்தோரு வருடம் குரோய்டன் தெருக்களில் பஸ் ஓட்டியும் அவருடைய உடம்புக்கு ஒரு சத்தம் மறக்கவில்லை.

[இதை விளக்கப்போவதில்லை.]

கலாவதி மூடியை ஒரு விரல் அளவுக்குத் திறந்து உள்ளே பார்த்தாள். மேலே கணவரின் போன். எச்சரிக்கைப் பெட்டிக்குப் பின்னால் வரிசையாகக் கைகூப்பிய படங்கள், எரியும் விளக்குகள். எல்லாம் பகலில் வைபை இருந்தபோது வந்து சேர்ந்தவை. அறுபத்துமூன்று அனுதாபங்கள். ஒருத்தரும் எடுக்காதேங்கோ என்று சொன்னதற்கு ஒருத்தரும் எடுக்கவில்லை. எழுதினார்கள்.

அவள் அதைக் கவிழ்த்து வைப்பதற்குள் தக்ஷிகா கையை விட்டுத் தன் போனை எடுத்துவிட்டாள்.

"ஓ மை கோட். அப்பா, டொர்னேடோ வார்னிங்! சவுத் லண்டன். இப்பவே ஜன்னல் இல்லாத உள்ளறைக்குப் போகட்டாம். கீழ்த்தட்டில."

"லண்டனில என்ன டொர்னேடோ? உது அமெரிக்காவில எல்லோ வாறது" என்றார் தியாகராஜா மேசைக்குக் கீழிருந்து.

அதைச் சொல்லி முடிக்கும்போது பக்கத்து வீட்டு ட்ராம்போலின் வேலியைத் தாண்டி எழும்பி வந்து அவருடைய காரின் மேல் இறங்கியது. அலுங்காமல் இறங்கியது. யாரோ பார்த்து நிறுத்தியதுபோல.

தியாகராஜா மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தார். "சாமியறை" என்றார்.

அந்த வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் அது ஒன்றுதான். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரி. மற்ற வீடுகளில் அதற்குள் வாக்யூம் கிளீனரும் குடைகளும் இருக்கும். இங்கே முருகன் குடும்பத்தோடு இருந்தார். நகை, கூறைச்சேலை எல்லாம் இந்தக் கிழமை அங்கேதான் என்பதால் வாசல் கதவுக்குப் போடுகிற பூட்டொன்றும் போட்டிருந்தார்கள். திறப்பு கலாவதியின் இடுப்பில்.

5

இனிமேல்தான் கதை. இதுவரைக்கும் வானிலை.

கலாவதிக்கு விளங்கியது இது: நாலு பேரும் அந்த அலுமாரிக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கலாம். உயிர் பிழைக்கலாம். ஆனால் துடக்கோடு.

"அவையளுக்குத்தான் தெரியாதே, தெரியாதவைக்குத் துடக்கில்லையே" என்று நீங்கள் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைக் கலியாணத்துக்கு அவளே அந்த நியாயத்தைத்தான் வைத்திருந்தாள். பாமா கேள்விப்படவில்லை. ஐயர் கேள்விப்படவில்லை. ஆனால் முருகன் கேள்விப்பட்டிருப்பார். மண்டபத்தில் ஐயர் கொண்டுவந்து வைக்கிற தெய்வங்கள் கலியாணம் முடிய வான் வண்டியில் ஏறிப் போய்விடும். இது தினமும் அவள் முகத்தில் விழிக்கிற முருகன். சம்பந்தியை ஏமாற்றலாம். அவரை அவருடைய அறைக்குள் போய் ஏமாற்ற முடியாது.

[இது முரண் என்று எனக்குத் தெரியும். அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.]

"திறவப்பா" என்றார் தியாகராஜா.

"பிள்ளை வரேலாது. பாலரில புருவமயிர் எடுத்தவள். முழுகேல்லை."

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?"

"மயிர் எடுத்தா முழுகவேணும். நான் போட்ட சட்டமே?"

"சரி, அவள் போய் முழுகட்டும்" என்றார் தியாகராஜா. சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது கேட்டது. "டொர்னேடோவுக்கை என்னெண்டு முழுகிறது! நீ திற."

"உங்களுக்கும் ஏலாது. வாய் மணக்குது. ஸ்ட்ரெதமில மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டனீங்கள்."

"ஒண்டு."

"கலியாணம் முடியுமட்டும் மச்சமாமிசம் இல்லையெண்டு சொன்னனான்."

"ஒண்டு சாப்பிட்டதுக்குச் சாகவோ?"

"அப்ப ரெண்டு சாப்பிட்டிருக்கிறியள்."

செபமாலைமுத்து மாடிப்படியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கைவிரல்களுக்கிடையில் செபமாலை உருண்டது. வாய் இறுக்கி மூடியிருந்தது. கலாவதி அந்த வாயையே பார்த்தாள்.

குசினி ஜன்னல் ஒன்று படாரென்று திறந்தது. பயற்றம் உருண்டைகள் தட்டோடு நிலத்தில் உருண்டன. தக்ஷிகா அழத்தொடங்கினாள். இவ்வளவு நேரமும் கோபத்தில் இருந்த பெண் பயத்தில் அழுதாள். அம்மா என்று கூப்பிட்டாள், ஆங்கிலம் எல்லாம் போய்விட்டிருந்தது.

தியாகராஜா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "கலா. கிபிர் பிளேன் குண்டு போடேக்கை பங்கருக்கை எத்தினை பேர் இருந்தம்? செத்தவீட்டால வந்தவை இருந்தவை. பிள்ளை பெத்தவள் இருந்தவள். உன்ர அம்மா சாமிப்படத்தை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு எல்லாருக்கும் நடுவில இருந்தவா. ஆர் துடக்குப் பாத்தது?"

"பங்கர் சாமியறை இல்லை."

"இப்ப இதுதான் பங்கர்."

 கலாவதி இடுப்பில் இருந்த திறப்பைக் கையால் பொத்திக்கொண்டாள்.

6

இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன்.

ஒரு தாய், மகள் அழுதுகொண்டு நிற்கும்போது, பூட்டைத் திறக்கமாட்டாளா? நண்பன் ஒருவனிடம் கேட்டேன். "திறப்பாள், நீ பெண்களைக் கேவலப்படுத்துகிறாய்" என்றான். அவன் திருமணம் செய்யாதவன். லூயிஷாமில் இருக்கும் டொலறஸ் அக்காவிடம் கேட்டேன். "திறக்கமாட்டாள்" என்றார் உடனே. "அவள் அந்தப் பிள்ளைக்காகத்தான் நிக்கிறாள். காத்து வந்தா ஒருநாள் கஷ்டம். துடக்கோடை சாமிக்கு முன்னால நிண்டு, நாளைக்கு அந்தப் பிள்ளை வாழாவெட்டியா வந்தால்?" டொலறஸ் அக்கா கத்தோலிக்கர். ஆனாலும் இதில் சமயம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பயம்தான்.

ஆகவே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) சுழற்காற்று வருகிறது. கூரை ஓடுகள் பறக்கின்றன. கலாவதி கதறிக்கொண்டு கதவைத் திறக்கிறாள். நால்வரும் முருகனுக்கு முன்னால் கட்டிப்பிடித்து நிற்க, மனிதம் வெல்கிறது. இதை எந்தச் சிறப்பு மலரிலும் உடனே போடுவார்கள், கோயில் மலரிலும்கூட.

ஆ) காற்று வேறு பக்கம் போகிறது. கலியாணம் நடக்கிறது. திங்கட்கிழமை கலாவதி சொல்கிறாள். தியாகராஜா "சரி" என்கிறார். அதன்பிறகு அவர் அவளிடம் நேரே எதுவும் பேசுவதில்லை, சுவருக்குச் சொல்கிறார். இது நடக்கக்கூடியது. இப்படி இரண்டு வீடு எனக்குத் தெரியும்.

இ) அலுமாரிக்குள்ளிருந்து முருகனே எழுந்து—

வேண்டாம்.

மூன்றையும் அடித்துவிட்டேன். காரணம் எளிது. செபமாலைமுத்துவுக்கு அந்த நேரம் பாதிதான் தெரியும், பிறகு நடந்ததை அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. மிகுதியை அவர் இருட்டுக்குள் நின்றுகொண்டு ஊகித்தார். இருட்டில் நின்றவரின் ஊகத்தை வெளிச்சத்தில் இருந்துகொண்டு நான் திருத்தக் கூடாது. காற்று வந்ததா, வீடு நின்றதா, ஞாயிற்றுக்கிழமை தவில் அடித்தார்களா என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள். உங்களுக்கு உங்கள் வீட்டுச் சட்டம் இருக்கும். அதை வைத்து முடியுங்கள். நான் கடைசியாகத் தெரிந்ததை எழுதிவிட்டு விலகுகிறேன்.

7

தியாகராஜா மனைவியை நேரே பார்த்தார். முப்பது வருடம் பார்த்த முகம். மட்டன் ரோல்ஸுக்காக அது இப்படி வெளிறாது.

"கலா, என்ன நடந்தது?"

அவள் குசினிப் பக்கம் திரும்பி நிலத்தில் கிடந்த உருண்டைகளைப் பார்த்தாள்.

"நான் வந்ததில இருந்து ஒரு மாதிரி நிக்கிறாய். என்ர போனைத் தாவன் பாப்பம்."

"இடி."

"இடி நிண்டு பத்து நிமிசம். காத்துத்தான்."

அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பினார். "முத்து, நீர் பகல் முழுக்க வீட்டில நிண்டனீர். உமக்குத் தெரியுமோ?"

செபமாலைமுத்து எழுந்தார். செபமாலையைச் சட்டைப் பைக்குள் போட்டார். கேட்டாயிற்று. இனி அவரால் ஏலாது.

"அண்ணை—"

கலாவதி இடுப்பிலிருந்து திறப்பை எடுத்ததையும் பூட்டைத் திறந்ததையும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. செபமாலைமுத்துவின் சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"நீர் உள்ள போம்."

"நானோ? அக்கா, நான் வேதம்."

"போமெண்டா போம்."

"என்னடி இது?" என்றார் தியாகராஜா. "பெத்த பிள்ளைக்கு ஏலாது, எனக்கு ஏலாது, உவர் மட்டும் போகலாமோ? வேதக்காரனையோ சாமியறைக்குள்ள விடுறாய்?"

"அவருக்குத் துடக்கு இல்லை."

சொல்லிவிட்டாள்.

[இங்கே ஒரு இடியைப் போடலாம். போடவில்லை.]

தக்ஷிகா அழுகையை நிறுத்தினாள். அவளுக்குத் துடக்கு என்றால் என்னவென்று தெரியும். அப்படியென்றால் மற்றவர்களுக்கு என்ன என்பதும் ஒரு விநாடி கழித்துத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கூடவே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் மெல்ல மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

தியாகராஜா சத்தம் போடவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவரிடம் எங்கே போகவேண்டும் என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"ஆர்?"

கலாவதி அவரைப் பார்த்தாள். வாய் திறந்தது. அந்தப் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்று நான் நம்புகிறேன்.

"ஆர், கலா?"

முருகனுக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற செபமாலைமுத்து தலையை வெளியே நீட்டினார். நேரே கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்கிற மனுசன். "அண்ணை, கனடாவில உங்கட—"

கலாவதி அவருடைய தலையை உள்ளே தள்ளி, கதவை அடித்துச் சாத்தி, திறப்பை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.